தங்குவதற்கான விலை: நேட்டாலில் மூன்று பவுன் உரிமச் சீட்டும் வாழிட உரிமையும் (1895–1914)

ஆய்வுச் சுருக்கம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் குடியேற்ற நாட்டிற்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அந்நாட்டிலேயே தங்க விரும்பியோர் ஆண்டுதோறும் மூன்று பவுன் செலுத்தி உரிமச் சீட்டுப் பெறவேண்டும் என்று 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் விதித்தது. வரலாற்று நூல்களில் ‘மூன்று பவுன் வரி’ எனப் பெயர்பெற்ற இவ்விதியைக் குடியிருப்பு அனுமதி முறையாக இக்கட்டுரை ஆராய்கிறது. அதே காலத்தில் வணிகருக்கும் பிற பயணிகருக்கும் வழங்கப்பெற்ற வாழிடச் சான்றிதழோடு இதனை ஒப்பிட்டு, ஒருவர் தங்கியிருந்த காலம் உரிமையாக வளர்வதைத் தடுப்பதே இவ்வுரிமச் சீட்டின் அடிப்படைப் பணியாக இருந்தது என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நேட்டால், ஒப்பந்தக் கூலிமுறை, குடியிருப்பு அனுமதி, மூன்று பவுன் வரி, வாழிடச் சான்றிதழ், 1913 வேலைநிறுத்தம்

முன்னுரை

தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாற்றில் மூன்று பவுன் வரி நன்கு அறியப்பட்ட செய்தி. 1913ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்திற்கு உடனடிக் காரணமாக அது எல்லா நூல்களிலும் குறிக்கப்படுகிறது. மோரின் சுவான் 1985இல் வெளியிட்ட ஆய்வு, வணிகர் தலைமையிலான இந்திய அரசியல் இவ்வரியால் துன்புற்ற தொழிலாளரை நெடுங்காலம் பின்னுக்குத் தள்ளியிருந்ததை எடுத்துக்காட்டியது. சுரேந்திர பானா கப்பற் பட்டியல்களைக் கொண்டு குடியேறியோரின் ஊர், வயது, சாதி முதலியவற்றை ஆராய்ந்தார். அஷ்வின் தேசாயும் கூலம் வாகிதும் ஒப்பந்தக் கூலிகளின் அன்றாட வாழ்வை விரிவாக எழுதியுள்ளனர். இவ்வாய்வுகள் யாவும் மூன்று பவுனைப் பெரும்பாலும் ஒரு வரிச்சுமையாகவே நோக்குகின்றன.

சட்டத்தின் வாசகம் வேறொன்றைக் கூறுகிறது. ஒப்பந்தம் முடிந்தபின் தாயகம் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் இருப்பவர், குடியேற்ற நாட்டில் தங்கியிருப்பதற்கான அனுமதிச் சீட்டை ஆண்டுதோறும் பெறவேண்டும் என்பதே அவ்விதி. மூன்று பவுன் அச்சீட்டிற்கான கட்டணம். பின்னாளைய அரசியற் சொற்போரில் ‘வரி’ என்னும் சொல் நிலைபெற்றுவிட்டதால், அது அடிப்படையில் ஒரு குடியிருப்பு அனுமதி என்பது கவனத்திலிருந்து நழுவியது. இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. வரியைச் செலுத்துபவர் அந்நாட்டின் குடி என்று கொள்ள இடமுண்டு. ஆண்டுதோறும் அனுமதி பெறுபவரோ அந்நாட்டிற்கு அயலாராகவே எண்ணப்படுகிறார். மூன்று பவுனைச் செலுத்தியவர் இவ்விருவருள் யார் என்பதே இங்கு எழும் வினா.

1895க்கு முந்தைய நிலை

ஒப்பந்தக் கூலிகளுடன் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன்பின் 1911 வரை மொத்தம் 152,184 பேர் ஒப்பந்தத்தின்கீழ் நேட்டாலில் இறங்கினர். சென்னை வழியே சென்றோருள் தமிழரும் தெலுங்கரும் இருந்தனர். தமிழ் மாவட்டங்களுள் வட ஆற்காடு மிகுதியான எண்ணிக்கையினரை அனுப்பியது. கரும்புத் தோட்டங்களே இவர்களுடைய முதன்மையான பணியிடம். பின்னர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் இருப்புப்பாதைப் பணிகளுக்கும் இவர்கள் அனுப்பப்பட்டனர்.

தொடக்க காலச் சட்டங்களில் தங்குவதற்கெனத் தனி அனுமதி எதுவும் வேண்டப்படவில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் தொழிலாளர் விடுதலைச் சான்றிதழ் பெற்றுத் தம் விருப்பப்படி வேலை தேடலாம். மொத்தம் பத்தாண்டுகள் நாட்டில் இருந்தபின் கட்டணமின்றித் தாயகம் திரும்பலாம். 1870ஆம் ஆண்டின் 2ஆம் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, திரும்பும் பயண உரிமையை விட்டுக்கொடுப்பவருக்கு அதன் மதிப்பிற்கு ஈடாக அரசு நிலம் வழங்க இடமளித்தது. இவ்வகையில் நிலம் பெற்றோர் மிகச் சிலரே. எனினும், கூலியாக வந்தவர் குடியாக நிலைபெறலாம் என்னும் கருத்தை அச்சட்டம் ஏற்றிருந்தது என்பது கருதத்தக்கது. 1891ஆம் ஆண்டின் 25ஆம் சட்டமாக இந்தியக் குடியேற்ற விதிகள் தொகுக்கப்பட்டபோது நிலம் வழங்கும் விதி இடம்பெறவில்லை.

விடுதலை பெற்றோர் காய்கறி பயிரிடுதல், மீன்பிடித்தல், தலைச்சுமை வணிகம், வீட்டுவேலை எனப் பல தொழில்களில் இறங்கினர். இவர்களுடைய உழைப்பால் காய்கறி விலை குறைந்தது என்பதை அக்கால ஆணையங்களும் குறித்துள்ளன. ஆயினும், வெள்ளையருக்கும் இந்தியருக்கும் இடையிலான எண்ணிக்கை வேறுபாடு குறைந்து வந்தது குடியேற்ற நாட்டின் அரசியலில் அச்சத்தை விளைவித்தது. 1904ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நேட்டாலின் இந்தியர் 100,918 பேர். ஐரோப்பியர் 97,109 பேர். இந்தியரின் உழைப்பு வேண்டும், அவர்களுடைய குடியிருப்பு வேண்டாம் என்ற முரண், 1893இல் நேட்டால் தன்னாட்சி பெற்றபின் சட்ட வடிவம் கொண்டது.

1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம்

தன்னாட்சி பெற்றவுடன் நேட்டால் அரசு ஹென்றி பின்ஸ், மேசன் ஆகிய இருவரைத் தூதுக்குழுவாக இந்தியாவிற்கு அனுப்பியது. ஒப்பந்தம் முடிந்த கூலிகள் கட்டாயமாகத் தாயகம் திரும்ப வேண்டும் அல்லது மறு ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை இந்திய அரசு ஏற்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அரசப் பிரதிநிதி எல்ஜின் பிரபுவின் அரசு நிபந்தனையைக் கொள்கையளவில் ஏற்றது; ஆனால் அதனை மீறுவது குற்றவியல் தண்டனைக்கு உரியதாகக் கூடாது என வரையறுத்தது. திரும்ப மறுப்பவரைச் சிறையில் அடைக்கவும் இயலாது, வலிந்து கப்பலேற்றவும் இயலாது என்ற நிலையில், ஆண்டுக் கட்டணத்துடன் கூடிய உரிமச் சீட்டு மாற்று வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தொடக்கத்தில் 25 பவுன் என்று கருதப்பட்ட தொகை இறுதியில் மூன்று பவுனாகக் குறைக்கப்பட்டது.

இச்சட்டத்தின் அமைப்பில் மூன்று கூறுகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, திரும்புவது அல்லது மறு ஒப்பந்தம் செய்வது என்னும் உறுதிமொழி ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டது. கப்பலேறுமுன் சென்னையில் ஒப்பந்தத்தை ஏற்றபோதே, ஐந்தாண்டுகளுக்குப் பின் அந்நாட்டில் தங்கும் உரிமையைத் தொழிலாளர் விட்டுக்கொடுத்தவராகக் கொள்ளப்பட்டார். இரண்டாவது, உறுதிமொழியைக் கைவிட்டுத் தங்குபவர் ஆண்டுதோறும் சீட்டுப் பெறவேண்டும். மூன்றாவது, கட்டத் தவறிய தொகை சுருக்கமுறை நடவடிக்கையின் வழியே வசூலிக்கப்படும்.

சட்டம் அது நடைமுறைக்கு வந்தபின் ஒப்பந்தமானோருக்கே பொருந்தியது. அவர்களுடைய ஐந்தாண்டுக் காலம் நிறைவுறத் தொடங்கிய 1901ஆம் ஆண்டளவில்தான் அதன் விளைவுகள் வெளிப்பட்டன. நேட்டாலில் வாழ்ந்த இந்தியருள் 1895க்கு முன் வந்தோர், பின் வந்தோர் என்ற பிளவு இதனால் உருவாயிற்று. ஒரே தோட்டத்தில் ஒரே வேலையைச் செய்து, ஒரே மொழி பேசி, அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த இருவருள் ஒருவர் கட்டணமின்றித் தங்கலாம். மற்றவர் ஆண்டுதோறும் அனுமதி பெறவேண்டும். இருவரையும் வேறுபடுத்தியது அவர்கள் கப்பலேறிய ஆண்டு மட்டுமே.

மூன்று பவுனின் பொருள்

ஒப்பந்தக் கூலியின் மாத ஊதியம் முதலாண்டில் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். இதன்படி ஐந்தாண்டுகளில் ஒருவர் பெறக்கூடிய மொத்த ஊதியம் 720 ஷில்லிங், அதாவது 36 பவுன். நோய், விடுப்பு, தண்டம் ஆகியவற்றிற்கான பிடித்தங்கள் இதில் கழிக்கப்படவில்லை. மூன்று பவுன் என்பது 60 ஷில்லிங். அன்றைய மாற்று விகிதப்படி 45 ரூபாய். ஐந்தாம் ஆண்டின் உயர்ந்த ஊதியத்தைக் கொண்டு கணக்கிட்டாலும் அது நான்கு மாத ஊதியத்திற்கும் மேற்பட்டது.

பெண்களின் நிலை இதனினும் கடுமையானது. பெண்களுக்கு ஆண்களின் ஊதியத்தில் பாதியே வழங்கப்பட்டது. முதலாண்டில் மாதம் 5 ஷில்லிங் பெற்ற பெண்ணின் ஓராண்டு ஊதியம் முழுவதும் சேர்ந்து 60 ஷில்லிங். உரிமச் சீட்டின் விலையும் அதுவே. விடுதலை பெற்றோருக்கு வெளிச்சந்தையில் கூடுதல் ஊதியம் கிடைக்க வாய்ப்பு இருந்தது உண்மை. ஆனால் உணவும் உறையுளும் மருத்துவமும் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுவதால், அக்கூடுதல் ஊதியம் அன்றாடச் செலவிலேயே கரைந்தது.

1903ஆம் ஆண்டின் 2ஆம் சட்டம் இக்கடமையைப் பிள்ளைகளுக்கும் விரித்தது. 16 வயது நிறைந்த ஆண்மகனும் 13 வயது நிறைந்த பெண்ணும் தமக்கெனத் தனியே உரிமச் சீட்டுப் பெறவேண்டும். கணவன், மனைவி, வயது நிறைந்த மகன் ஒருவன், மகள் ஒருத்தி என்ற குடும்பம் ஆண்டுக்கு 12 பவுன், அதாவது 240 ஷில்லிங் செலுத்த வேண்டியதாயிற்று. குடும்பத் தலைவன் தன் ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஆண்டில் பெற்ற ஆண்டு ஊதியம் 168 ஷில்லிங் மட்டுமே.

பிள்ளைகள் பற்றிய இவ்விதி தொகையளவில் மட்டுமன்றிக் கோட்பாட்டளவிலும் ஆராயத்தக்கது. பெற்றோரேனும் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றவர்கள். பிள்ளைகள் எவ்வொப்பந்தத்திலும் கையொப்பமிட்டவர்கள் அல்லர், பலர் நேட்டாலிலேயே பிறந்தவர்கள், இந்தியாவைக் கண்டறியாதவர்கள். ‘திரும்பிச் செல்க’ என்று அவர்களிடம் கூறப் பொருளில்லை. அவர்கள் திரும்புவதற்கு ஓரிடம் இல்லை. பிறந்த மண்ணில் தங்க அனுமதிச் சீட்டு வாங்கவேண்டிய முதல் தலைமுறையை இச்சட்டம் உருவாக்கிற்று.

கட்டணத்தின் நோக்கம் வருவாய் அன்று. மறு ஒப்பந்தம் செய்தவர் அவ்வொப்பந்தக் காலத்தில் மூன்று பவுன் செலுத்த வேண்டியதில்லை. ஆகவே சீட்டின் விலை உயர்வாக இருக்குமளவிற்கு மறு ஒப்பந்தம் மலிவாகத் தோன்றியது. செலுத்த இயலாத தொழிலாளருக்கு எஞ்சிய வழிகள் இரண்டே: தோட்டத்திற்குத் திரும்புவது அல்லது கப்பலேறுவது. முதல் வழி தோட்ட உரிமையாளருக்குப் பழகிய உழைப்பாளரைப் பெற்றுத்தந்தது. இரண்டாவது, இந்தியர் எண்ணிக்கையைக் குறைக்க விரும்பிய நகர்ப்புற வெள்ளையரை நிறைவுசெய்தது. முரண்பட்ட இரு தரப்பாரின் விருப்பங்களையும் ஒரே சீட்டு நிறைவேற்றியமையால்தான், பொருளியல் நோக்கில் பெரும்பயன் தராத இவ்விதி இருபது ஆண்டுகளுக்கு அணித்தாக நிலைத்தது.

வாழிடச் சான்றிதழ்: மற்றொரு தாள்

உரிமச் சீட்டின் தன்மையை உணர, அதே காலத்தில் வழங்கிய மற்றொரு தாளோடு அதனை ஒப்பிட வேண்டும். ஒப்பந்தத்தில் கட்டுண்டோர் நீங்கலாக, தம் சொந்தச் செலவில் வணிகத்தின் பொருட்டும் பிற தொழில்களின் பொருட்டும் வந்த இந்தியரும் நேட்டாலில் இருந்தனர். இவர்களுடைய வருகைக்கு எதிராக 1897 சனவரியில் டர்பன் துறைமுகத்தில் வெள்ளையர் பெருந்திரளாகக் கூடினர். அதே ஆண்டில் குடியேற்றக் கட்டுப்பாட்டிற்கான 1ஆம் சட்டம் நிறைவேறியது. ஐரோப்பிய மொழி ஒன்றின் எழுத்தில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் தடைசெய்யப்பட்ட குடியேறி ஆவார் என்பது அதன் மையமான விதி. சட்டம் எவ்வினத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. தமிழில் கற்றுத் தேர்ந்தவர் இத்தேர்வின் முன் எழுத்தறியாதவராகவே கொள்ளப்பட்டார். இனப் பெயரைக் கூறாமல் இனத்தை விலக்கும் இம்முறையைக் குடியேற்ற நாட்டு அமைச்சர் சேம்பர்லின் 1897ஆம் ஆண்டு மாநாட்டில் ஏனைய குடியேற்ற நாடுகளுக்கு முன்மாதிரியாகச் சுட்டினார்.

முன்னரே நேட்டாலை வாழிடமாகக் கொண்டோருக்கு இத்தேர்வினின்று விலக்கு இருந்தது. அவ்விலக்கை மெய்ப்பிக்கும் தாளே வாழிடச் சான்றிதழ். ஊர் சென்று திரும்பும் வணிகருக்கு அது இன்றியமையாததாயிற்று. சாட்சிகளின் உறுதிமொழிகள், பெருவிரல் பதிவு ஆகியவற்றைக் கொண்டு அது வழங்கப்பட்டது. 1903ஆம் ஆண்டின் 30ஆம் சட்டம் விதிகளைக் கடுமையாக்கி, மூன்றாண்டு வாழ்ந்திருத்தலை வாழிட உரிமைக்கான அளவாக வைத்தது. அச்சட்டமே மற்றொரு வரையறையையும் சேர்த்தது: ஒப்பந்தக் கூலியாகக் கழித்த காலம் இம்மூன்றாண்டுக் கணக்கில் சேராது.

வணிகரின் சான்றிதழும் இழிவுபடுத்தும் தன்மையிலிருந்து நீங்கியதன்று. சாட்சிகளைத் தேடுதல், அலுவலரின் ஐயத்திற்கு விடையளித்தல், விரல் பதித்தல் ஆகியவை வசதி படைத்தோரையும் வருத்தின. அண்டை நாடான டிரான்ஸ்வாலில் பதிவுச் சான்றிதழுக்கு எதிராக எழுந்த அறப்போரில் 1908 ஆகஸ்டு 16 அன்று ஜோகன்னஸ்பர்க் நகரின் ஹமீதியா மசூதி முன் சான்றிதழ்கள் எரிக்கப்பட்டமை இவ்வெறுப்பின் அளவைக் காட்டும். ஆயினும், இச்சான்றிதழ்கள் கடந்த காலத்தை ஒப்புக்கொண்ட தாள்கள். ‘இவர் முன்னரே இங்கு வாழ்ந்தவர்’ என்பதே அவற்றின் உள்ளடக்கம்.

எண்ணப்படாத ஆண்டுகள்

இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக் காணும்போது அவற்றின் வேறுபாடு புலனாகிறது. வாழிடச் சான்றிதழ் ஒருவர் கழித்த ஆண்டுகளைக் கூட்டி, அவற்றின் பயனாக உரிமையை வழங்கியது. மூன்று பவுன் சீட்டு ஆண்டு முடிவில் செல்லாததாகி, மறு ஆண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. முதலாண்டுச் சீட்டுக்கும் பத்தாமாண்டுச் சீட்டுக்கும் விலையில் வேறுபாடில்லை. அவை தரும் உரிமையிலும் வேறுபாடில்லை. ஒப்பந்தத்தில் கழிந்த ஐந்தாண்டுகள் வாழிடக் கணக்கிலிருந்து சட்டத்தாலேயே நீக்கப்பட்டன. விடுதலைக்குப் பின் கழிந்த ஆண்டுகளோ, ‘திரும்புவேன்’ என்ற உறுதிமொழியை மீறிக் கழித்த ஆண்டுகளாகவே சட்டத்தின் பார்வையில் நின்றன.

கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு உழைத்தவரின் வாழ்வைவிடக் கடையில் மூன்றாண்டு இருந்தவரின் வாழ்வு அந்நாட்டோடு நெருங்கியதாக எண்ணப்பட்டது என்பதே இதன் பொருள். நேட்டாலின் சர்க்கரைத் தொழில் ஒப்பந்தக் கூலிகளின் உழைப்பால் வளர்ந்தது. அவ்வுழைப்பைக் கணக்கிட அரசிடம் விரிவான பதிவேடுகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவை கப்பற் பட்டியலில் எழுதப்பட்டன. ஒரே தமிழ்ப் பெயர் பல்வேறு எழுத்துக்கூட்டல்களில் பதிவானபோதும் எண் மாறவில்லை. அவர் எப்போது வந்தார், எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை அரசு ஐயமின்றி அறிந்திருந்தது. வணிகர் சாட்சிகளைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டியிருந்த செய்தி, கூலியைப் பொறுத்தவரை அரசின் ஏட்டிலேயே இருந்தது. மெய்ப்பிக்கப்பட்ட காலத்தை உரிமையாகக் கொள்ள மறுப்பதே சட்டத்தின் செயல்.

1913ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க ஒன்றியம் முழுமைக்கும் குடியேறிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டபோது இச்சிக்கல் கூர்மையடைந்தது. அச்சட்டத்தின் வாழிட வரையறை, 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தோரை மூன்று பவுன் செலுத்தியபோதும் தடைசெய்யப்பட்ட குடியேறிகளாக்கிவிடும் என்ற அச்சம் இந்தியர் தரப்பில் எழுந்தது. விலை கொடுத்துப் பெற்ற அனுமதி உரிமையாகாது என்பது அப்போது வெளிப்படையாயிற்று.

எதிர்ப்பு: விண்ணப்பத்திலிருந்து வேலைநிறுத்தம் வரை

1894 ஆகஸ்டில் தோன்றிய நேட்டால் இந்தியர் காங்கிரசு, 1895ஆம் ஆண்டுச் சட்டவரைவிற்கு எதிராக நேட்டால் சட்டமன்றத்திற்கும், சேம்பர்லினுக்கும், எல்ஜின் பிரபுவிற்கும் விண்ணப்பங்கள் அனுப்பியது. காந்தி 1896 அக்டோபர் 26 அன்று சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலைபற்றிப் பேசினார். கூலிகள் புறப்படும் துறைமுக நகரிலேயே அவர்களுடைய குறைகள் பொதுமேடையில் கூறப்பட்டது கருதத்தக்கது. ஆயினும், சட்டம் நிறைவேறியபின் காங்கிரசின் கவனம் வணிக உரிமம், வாழிடச் சான்றிதழ் ஆகியவற்றை நோக்கித் திரும்பியது. 1903 சூனில் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் 1906இல் தமிழ்ப் பகுதி நிறுத்தப்பட்டது. இக்காலப் பொது வாழ்வில் தொழிலாளரின் இடம் எத்தகையது என்பதற்கு இதுவும் ஒரு குறிப்பு.

மூன்று பவுன் சிக்கலை மீண்டும் முன்னிறுத்தியதில் டர்பனில் ‘ஆப்பிரிக்கன் குரோனிக்கிள்’ இதழை நடத்திய பி. எஸ். ஐயரின் பங்கு பெரிது. தமிழும் ஆங்கிலமும் கலந்து வெளிவந்த அவ்விதழின் வழியே அவர் இதனைத் தொடர்ந்து எழுதினார். 1911இல் இவ்வரிக்கு எதிராக ஓர் அமைப்பையும் தொடங்கினார். செலுத்தத் தவறிய பெண்கள் சிறைக்குச் சென்ற நிகழ்ச்சிகள் பொதுமக்களை வருத்தின. பெண்களுக்கு விலக்களிக்கும் விருப்புரிமையை நடுவர்களுக்கு வழங்கி 1910இல் சட்டம் திருத்தப்பட்டது. விலக்கு உரிமையாகாமல் நடுவரின் இரக்கமாகவே நின்றது. இதற்கிடையில், கோகலே 1910 பிப்ரவரியில் இந்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் தொடர்ச்சியாக நேட்டாலுக்குக் கூலிகளை அனுப்புவது 1911 சூலை முதல் நாளுடன் நிறுத்தப்பட்டது.

1912 இறுதியில் தென்னாப்பிரிக்கா சென்ற கோகலே, அமைச்சர்களைச் சந்தித்தபின் மூன்று பவுன் விதி நீக்கப்படும் என்ற நம்பிக்கையோடு திரும்பினார். அத்தகைய வாக்குறுதி எதுவும் தரப்படவில்லை என அரசு பின்னர் மறுத்தது. 1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள் குழு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைச் சந்தித்து வேலைநிறுத்தம் செய்யுமாறு வேண்டியது. அக்குழுவினருள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தம்பி நாயுடுவும் அப்பகுதியில் முன்னின்று பணியாற்றினார். நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் நேட்டால் எல்லையைக் கடந்து டிரான்ஸ்வாலுக்குள் நடந்து சென்றனர்.

இந்நடைப்பயணத்தின் வடிவம் சிந்தனைக்குரியது. ஒரு மாகாணத்தில் தங்குவதற்கான அனுமதியை எதிர்த்தவர்கள், மற்றொரு மாகாணத்திற்குள் அனுமதியின்றி நுழைவதைத் தம் எதிர்ப்பு முறையாகக் கொண்டனர். வேலைநிறுத்தம் கரையோரத் தோட்டங்களுக்குப் பரவியபோது காவலரின் துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். சுரங்க வளாகங்களே சிறைகளாக அறிவிக்கப்பட்டுத் தொழிலாளர் அங்கேயே வேலைக்கு உட்படுத்தப்பட்டனர். சிறையில் நோயுற்ற இளம்பெண் வள்ளியம்மை விடுதலைக்குப் பின் 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தார். அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு 1913 நவம்பரில் சென்னையில் ஆற்றிய உரையில் போராடுவோருக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். 1894இல் நிபந்தனையை ஏற்றதும் இந்திய அரசே. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் அதன் விளைவுகளுக்கு எதிராகப் பேசியதும் அவ்வரசின் தலைமையே.

1914 தீர்வும் அதன் எல்லையும்

சாலமன் ஆணையம் மூன்று பவுன் விதியை நீக்கப் பரிந்துரைத்தது. அதனை ஏற்று 1914ஆம் ஆண்டின் 22ஆம் சட்டமாக இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. ஆண்டு உரிமச் சீட்டு ஒழிக்கப்பட்டது. வாழிடச் சான்றிதழில் உள்ள பெருவிரல் பதிவு, அதனைக் கொண்டுவருபவரின் பதிவோடு ஒத்திருப்பின், அவர் முன்னர் நேட்டாலில் வாழ்ந்தவர் என்பதற்கு அது முடிவான சான்றாகும் எனவும் சட்டம் கூறியது. அலுவலரின் ஐயத்திற்கு எல்லை வகுத்த வகையில் இது ஒரு முன்னேற்றம். விரல் பதிவை இழிவென எதிர்த்த சமூகத்தின் உரிமைக்கு, இறுதியில் விரல் பதிவே உறுதிமிக்க சான்றாக அமைந்தது என்பதும் இவ்வரலாற்றின் ஒரு கூறு.

ஆனால் அதே சட்டத்தில் வேறொரு விதியும் இடம்பெற்றது. தென்னாப்பிரிக்காவில் தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் உள்ள வாழிட உரிமையை எழுத்துமூலம் துறப்பவருக்கு அரசு தன் செலவில் இந்தியாவிற்குப் பயண வசதி அளிக்கும் என்பதே அது. 1895ஆம் ஆண்டுச் சட்டம் தங்குவதற்கு விலை விதித்தது. 1914ஆம் ஆண்டுச் சட்டம் தங்காமலிருப்பதற்கு உதவி வழங்கியது. 1927ஆம் ஆண்டின் கேப் டவுன் உடன்படிக்கை இவ்வுதவியை மேலும் விரித்தது. கருவி மாறிய போதும், இந்தியரைத் தாயகம் அனுப்பும் நோக்கம் தொடர்ந்தது.

முடிவுரை

மூன்று பவுன் விதியை வரியாக மட்டும் கருதினால், 1914இல் ஒரு சுமை இறக்கி வைக்கப்பட்டது என்பதோடு அதன் வரலாறு முடிந்துவிடும். குடியிருப்பு அனுமதியாக நோக்கினால், ஒரு நாட்டில் உழைத்து வாழ்ந்த காலம் எப்போது உரிமையாகிறது என்ற வினா அதன் மையத்திற்கு வருகிறது. நேட்டால் அரசு இவ்வினாவிற்கு இரு வேறு விடைகளை அளித்தது. பொருளோடு வந்தவரின் ஆண்டுகளை எண்ணியது. உழைப்போடு வந்தவரின் ஆண்டுகளை எண்ண மறுத்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சீட்டு அம்மறுப்பை நிருவாக நடைமுறையாக மாற்றியது.

நேட்டால் பிறருக்கு முன்மாதிரியான குடியேற்ற நாடு. அதன் எழுத்தறிவுத் தேர்வு ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளின் குடியேற்றச் சட்டங்களில் இடம்பெற்றதை ஆய்வாளர் பலர் விளக்கியுள்ளனர். நுழைவைத் தடுத்த அத்தேர்வைப் போலவே, நுழைந்தவர் வேரூன்றுவதைத் தடுத்த ஆண்டு அனுமதியும் குடியேற்றச் சட்ட வரலாற்றில் தனியே ஆராயத்தக்கது. தொழிலாளரை வரவேற்று, அவர்களுடைய ஆண்டுகளைக் கணக்கில் கொள்ளாத அனுமதி முறைகள் நேட்டாலோடு முடிந்துவிடவில்லை. தமிழர் சென்று குடியேறிய பிற நாடுகளின் அனுமதித் தாள்களையும், கட்டணத்தோடு நில்லாமல், அவை ஆண்டுகளை எண்ணினவா என்ற நோக்கில் ஆராய்வது புலம்பெயர்வு ஆய்விற்குப் பயன்தரும்.